நாய், பூனைகளின் செவிநோய்: அறிதலும் தீர்த்தலும்

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று நாயோ பூனையோ வீட்டு உறுப்பினராகவே ஆகிவிட்டது. ஊரில் திண்ணையிலும் கொல்லைப்புறத்திலும் தன்போக்கில் திரிந்து வளரும் உயிர், இங்கே குளிரூட்டப்பட்ட இரண்டு மூன்று அறைகளுக்குள் நம்மோடு ஒன்றாய் வாழ்கிறது. ஆதலால் அதன் உடல்நலத்தைக் கவனிக்கும் பொறுப்பும் முன்னிலும் கூடுதலாக நம்மைச் சேர்கிறது. தலையை ஓயாது உதறுகிறது. பின்னங்காலால் காதைச் சொறிகிறது. அருகில் வந்து படுத்தால் புளித்த நாற்றம் வீசுகிறது. இத்தனையும் கண்ட பின்னரும், "குளிப்பாட்டினால் சரியாகிவிடும்" என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடும் இல்லங்கள் உண்டு. செவிநோயைப் பற்றி மாணவச் செல்வங்களும் பெற்றோரும் ஒருங்கே படித்தறிய வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காதில் காணும் அழுக்கு நோயின் அடையாளமே. நோய் அதற்கு அப்பால் இருக்கிறது. அழுக்கைத் துடைத்தால் அடையாளம் மறையுமே தவிர நோய் அங்கேயேதான் இருக்கும். அதனினும் முக்கியம், காதின் உள்ளே செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும் முன்னர், எந்த மருந்தையும் எந்த எண்ணெயையும் காதினுள் ஊற்றலாகாது. ஏன் என்பதை அறியக் காதின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

வளைந்து செல்லும் குழல்

மனிதரின் புறச்செவிக் குழல் ஏறத்தாழ நேரானது. அதன் நீளம் 2.5 சென்டிமீட்டர் அளவே. நாய்க்கோ இனத்திற்கு ஏற்ப 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதுவும் நேராகச் செல்வதில்லை. காதுமடலின் அடியிலிருந்து செங்குத்தாகக் கீழிறங்கி, ஓரிடத்தில் திரும்பி, தலையின் உட்புறம் நோக்கிக் கிடையாகச் சென்று செவிப்பறையை அடைகிறது. பூனையின் குழலும் இவ்வாறே வளைந்தது, அளவில் சிறியது. கைகழுவும் தொட்டியின் அடியில் வளைந்த குழாய் ஒன்று இருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அடைப்பு ஏற்படுவது பெரும்பாலும் அந்த வளைவில்தான். நாயின் காதிலும் ஈரமும் குறும்பியும் உதிர்ந்த மயிரும் தங்குவது அந்தத் திருப்பத்தில்தான். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு அவ்விடம் தெரிவதே இல்லை. பஞ்சுக்குச்சியை விட்டுத் துழாவினால் அழுக்கு வெளியே வருவதற்கு மாறாக இன்னும் ஆழத்தில் இறுகிப்போகிறது.

உண்மையில் நலமான காதைத் துப்புரவு செய்ய நாம் தேவையே இல்லை. செவிப்பறையின் மீதும் குழலின் உள்ளும் உள்ள மெல்லிய தோல், உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டிகளை ஏந்திவரும் ஓடுபட்டையைப் போல, அது குறும்பியையும் தூசியையும் தானே வெளியே கொண்டுவந்து சேர்க்கிறது. அழற்சியால் தோல் வீங்கினால் இந்த நகர்வு நின்றுவிடும். அதன்பின் குழல் ஈரமும் வெப்பமும் நிறைந்த பொந்தாக மாறிவிடுகிறது. நுண்ணுயிர்கள் செழித்து வளர அதைவிட நல்ல இடம் வேறில்லை.

இக்காது எத்தகைய அருமையான கருவி என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதர் கேட்கும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. நாய் ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரையிலும், பூனை 60,000-க்கும் மேலும் கேட்கவல்லவை. மின்தூக்கியில் நாம் ஏறும்போதே வாசலுக்கு வந்து நிற்கும் பிராணியின் வாழ்வு பெரிதும் செவியால் ஆனது. அச்செவியில் இடைவிடாத வலியும் இரைச்சலும் இருந்தால் அதன் நாள்கள் எப்படிக் கழியும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. காதைத் தொட்டால் சீறும் நாயைக் குணம் கெட்டது என்று அடக்கியாளும் முன், அதன் காதைப் பார்ப்பது நலம்.

காப்பித்தூள் போன்ற அழுக்கு

வளைகுடாத் தமிழ்க் குழந்தைகளுக்குப் பூனை கிடைக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே. கட்டடத்தின் கீழ், நிறுத்தி வைத்த காரின் அடியிலோ குப்பைத்தொட்டியின் பின்னோ கத்திக்கொண்டிருக்கும் குட்டியைத் தூக்கி வந்து, அப்பா அலுவலகத்திலிருந்து வருவதற்குள் பால் வைத்துவிடுவார்கள். (குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை என்பது வேறு செய்தி.) இந்தத் தெருப்பூனைகள் பல, அரேபிய மௌ எனப்படும் இம்மண்ணின் இனத்தைச் சார்ந்தவை. 2008-ஆம் ஆண்டில் உலகப் பூனைக் கூட்டமைப்பு அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. வெயிலைத் தாங்கப் பழகிய அப்பூனைக்கு நிமிர்ந்த பெரிய காதுகள். அக்காதினுள் பார்த்தால் பலவேளைகளில், டிகாக்ஷன் இறங்கிய பின் வடிகட்டியில் தங்கும் காப்பித்தூளைப் போலக் கறுத்து உலர்ந்த பொடி நிறைந்திருக்கும். அது மண்ணன்று. செவிச் சிற்றுண்ணிகளின் கழிவும், குறும்பியும், காய்ந்த இரத்தமும் கலந்த கலவை அது.

ஓடோடெக்டிஸ் சைனோடிஸ் என்னும் இச்சிற்றுண்ணி அரை மில்லிமீட்டரினும் சிறியது. கறுப்புத் தாளில் அந்தப் பொடியைத் தட்டி விளக்கொளியில் உற்றுப் பார்த்தால், வெண்புள்ளிகள் மெல்ல ஊர்வதைக் காணலாம். முட்டையிலிருந்து முதிர்ச்சி அடைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே ஒருமுறை மருந்திட்டு, சொறிதல் நின்றதும் விட்டுவிட்டால், முட்டைகள் பொரித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு பூனைக்கு இருந்தால் அவ்வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்திற்கும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்ய வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. சிற்றுண்ணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்.

மனிதரை இது தாக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கால்நடை மருத்துவர் இராபர்ட் லோபஸ் என்பார், இதே ஐயத்தைத் தீர்க்கப் பூனையின் காதிலிருந்து சிற்றுண்ணிகளை எடுத்துத் தம் காதிலேயே விட்டுக்கொண்டார்! உள்ளே பிறாண்டும் ஓசையும் ஊரும் ஓசையும் கேட்டதாகவும், அரிப்பு தாளமுடியாமல் இருந்ததாகவும், இரவில் அவற்றின் ஆட்டம் மிகுந்து உறக்கம் கெட்டதாகவும் 1993-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கழகத்தின் இதழில் எழுதினார். ஒருமுறை போதாதென்று மும்முறை செய்து பார்த்தார். 1994-இல் அவருக்கு 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. பிள்ளைகள் யாரும் இச்சோதனையைத் தொடர வேண்டா. எனினும் பூனை படும் பாடு எத்தகையது என்பதை மனித மொழியில் எடுத்துச் சொன்ன சான்று என்ற வகையில் அது மதிப்புடையது. மனிதர் காதில் இச்சிற்றுண்ணி குடியேறுவது மிக அரிது.

இதற்கு இன்று எளிய மருத்துவம் இருக்கிறது. செலமெக்டின், மாக்சிடெக்டின் போன்ற மருந்துகளைப் பிடரித் தோலில் சொட்டாக இட்டாலே அவை உடலில் பரவிச் சிற்றுண்ணியைக் கொல்கின்றன. அளவை மருத்துவரே உடல் எடையைக் கொண்டு குறிப்பார். இங்கே ஓர் எச்சரிக்கை. நாய்களின் உண்ணிக்கென்று கடைகளில் விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. அதைப் பூனைக்கு இட்டால் வலிப்பு வந்து இறந்துபோகவும் கூடும். பெட்டியின் மேல் நாயின் படம் இருந்தால் பூனைக்கு அது வேண்டவே வேண்டா.

மற்ற அடையாளங்கள்

நாய்களிடம் மிகுதியாகக் காண்பது வேறு வகை. பழுப்பு நிறத்தில் மெழுகு போலப் பிசுபிசுத்து, புளித்த மாவின் நாற்றம் வீசினால் அங்கே பெரும்பாலும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகியிருக்கும். இதன் பெயர் மலசேசியா பாக்கிடெர்மாடிஸ். தோல்நோய் கண்ட இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் உடலிலிருந்து 1925-இல் இதைப் பிரித்தெடுத்த வைட்மன் என்னும் அறிஞர், தடித்த தோலையுடைய விலங்கிற்குரியது என்னும் பொருளில் அப்பெயரை இட்டார். காண்டாமிருகத்தின் பெயரைத் தாங்கிய பூஞ்சை நம் வீட்டு லாப்ரடாரின் காதில் குடியிருப்பது வியப்பே. நலமான நாயின் தோலிலும் இது சிறிதளவு உண்டு. ஈரமும் கொழுப்பும் அழற்சியும் சேரும்போது கட்டுமீறிப் பெருகுகிறது.

மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் சீழ் வடிந்து, உள்ளே புண்ணாகி, தொட்டாலே நாய் அலறினால் பாக்டீரியாவின் தாக்குதல் எனக் கொள்ளலாம். அவற்றுள் சூடோமோனாஸ் என்பது மிகப் பிடிவாதமானது. பல மருந்துகளுக்கு அடங்காது. நிறத்தைக் கொண்டு நாம் ஊகிக்கலாமே தவிர உறுதி செய்தல் இயலாது. மருத்துவர் சிறிது அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். நிலக்கடலை வடிவில் தெரிவது ஈஸ்ட். உருண்டையும் குச்சியுமாய்த் தெரிபவை பாக்டீரியா. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை, எந்த மருந்து என்பதையே மாற்றிவிடும். இதைச் செய்யாமல் சொட்டுமருந்து எழுதித் தந்தால், "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

ஓயாது உதறுவதாலும் சொறிவதாலும் காதுமடலின் இரத்த நாளம் உடைந்து, மடல் பணியாரம் போல உப்பிவிடுவதும் உண்டு. அதை ஊசியால் குத்தி வீட்டிலேயே வடிக்க முயலக் கூடாது. மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளிருக்கும் செவிநோயையும் சேர்த்துத் தீர்க்காவிடில் மீண்டும் உப்பும். பழுப்பு நிற நாயுண்ணி இந்நாடுகளிலும் நம் ஊரிலும் ஒருங்கே உள்ளது. காதின் மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் நோயை இரத்தத்தில் ஏற்றிவிடும் இயல்பும் அதற்குண்டு. புல்லின் கூர்விதை காதினுள் புகுந்தால் நாய் திடீரென்று ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து வெறிகொண்டாற்போல் உதறும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அடையாளங்களைத் தனியே சொல்கிறோம். தலை ஒருபுறம் சாய்ந்தே இருத்தல், வட்டமிட்டு நடத்தல், தள்ளாடி விழுதல், கருவிழிகள் இடவலமாகத் தாமே துள்ளுதல், முகத்தின் ஒரு பாதி தொங்குதல். நோய் செவிப்பறையைக் கடந்து நடுச்செவிக்கும் உட்செவிக்கும் சென்றுவிட்டதன் குறி இவை. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்செவியில் இருப்பதாலும், முகத்தின் நரம்பு நடுச்செவியை ஒட்டிச் செல்வதாலும் இவ்வாறு நேர்கின்றது. இளம் பூனைகளுக்கு நடுச்செவியில் சதை வளர்ந்தும் இவ்வடையாளங்கள் தோன்றலாம். அறுவை மருத்துவத்தால் அதை நீக்குவர்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

"மூன்றாம் முறையாக மருந்து வாங்குகிறோம், ஏன் தீரவில்லை?" என்று கேட்கும் பெற்றோர் பலர். நாய்களைப் பொறுத்தவரை இதற்கு விடை பெரும்பாலும் காதில் இல்லை. ஒவ்வாமையே மூலம். காது என்பது தோலின் தொடர்ச்சி. ஆதலால் தோலுக்கு ஒவ்வாதது காதில் வெளிப்படுகிறது. காதுநோயோடு பாதத்தை ஓயாமல் நக்குவதும், வயிற்றைச் சொறிவதும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையை ஐயுற வேண்டும். மூடிய சன்னல்களும் கம்பளங்களும் உள்ள நம் குடியிருப்புகளில் தூசிச் சிற்றுண்ணிகளுக்குக் குறைவில்லை. கோழி, மாடு முதலிய இறைச்சிகளும் சில நாய்களுக்கு ஒவ்வாதனவாகும். உணவே காரணமா என்று அறிய மருத்துவர் குறிக்கும் தனியுணவை மட்டும் ஏறக்குறைய எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்த எட்டு வாரத்தில் தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்து, மேசைக்கடியில் ஒரு பிஸ்கோத்தோ கைப்பிடி தயிர்ச்சோறோ நீட்டினால் சோதனை முழுதும் வீணாகும். எங்கள் அனுபவத்தில் இதுவே இம்மருத்துவத்தின் கடினமான பகுதி.

இனமும் ஒரு காரணம். 2016-ஆம் ஆண்டில் பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைகளில் பார்க்கப்பட்ட நாய்களின் பதிவுகளை இலண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். அவ்வோராண்டில் நூற்றுக்கு ஏழு நாய்களுக்குப் புறச்செவிநோய் கண்டிருந்தது. தொங்கும் காதுடைய பாசெட் ஹவுண்ட் இனத்தில் அது நூற்றுக்கு இருபத்தெட்டையும் தாண்டியது. காக்கர் ஸ்பானியல், லாப்ரடார் வளர்ப்போரும் விழிப்பாக இருத்தல் நன்று. பூடில், ஷிட்சு ஆகியவற்றின் காதுக்குள்ளும் மயிர் முளைக்கும். அழகு நிலையங்களில் வழக்கமாக அதைப் பிடுங்குவர். நலமாக இருக்கும் காதில் அப்படிப் பிடுங்குவதே அழற்சிக்கு வழிசெய்யலாம்.

அடுத்தது இம்மண்ணின் வானிலை. ரியாத் போன்ற உள்நாட்டு நகரில் கோடை வறண்டது. துபாய், அபுதாபி, தோகா, மனாமா போன்ற கடற்கரை நகரங்களிலோ ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் காற்றே நனைந்த துணிபோல் இருக்கும். வெப்பத்தால் இரவில் உலவச் சென்று, நீர்தெளித்த புல்வெளியில் புரண்டு வரும் நாயைத் தூசிக்கு அஞ்சி அடிக்கடி குளிப்பாட்டுகிறோம். காதில் புகுந்த நீர் அந்த வளைவில் தங்குகிறது. குளிப்பாட்டும்போது காதில் நீர் விழாமல் பார்த்துக்கொள்வதும், பின்னர் மடலின் உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதும் போதும்; இவ்வளவு எளிய செயலால் தவிர்க்கக்கூடிய நோய் கொஞ்சமன்று.

சமையலறை வைத்தியம்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கு இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த அன்பினாலேயே நாயின் காதிலும் எண்ணெய் காய்ச்சி விடுகிறோம். ஆனால் ஈஸ்ட் கொழுப்பை விரும்பி உண்ணும் பூஞ்சை. அதற்கு நாமே உணவளித்தாற்போல் ஆகிறது. எண்ணெய் ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கும். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் இறங்கும். பூண்டு எண்ணெயும் வெங்காயச் சாறும் இன்னும் தீயவை. பூனை காதைத் துடைத்த பாதத்தை நக்கும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் தன்மையன. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துவருவதைக் கண்டு அழுக்கு வெளியேறுவதாக மகிழ்வோர் உண்டு. அது புண்பட்ட தோலை மேலும் புண்ணாக்குகிறது.

போன ஆண்டு மிஞ்சிய சொட்டுமருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் கிழிந்த செவிப்பறை வழியே உட்செவியை அடைந்தால் செவிப்புலனையே கெடுக்கக் கூடும். அரைகுறையாக விட்டு நிறுத்திய மருந்து, பாக்டீரியாவுக்கு எதிர்த்து நிற்கும் ஆற்றலைத் தந்துவிடும். வலிக்காக வீட்டிலுள்ள பனடாலையோ குரோசினையோ கொடுப்பவர்களும் உளர். பெற்றோர் இதைக் கட்டாயம் மனத்தில் இருத்த வேண்டும்: அவற்றிலுள்ள பாராசிட்டமால், ஒரு மாத்திரை அளவிலேயே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

மருத்துவமும் பொறுமையும்

மருத்துவர் செவிநோக்கியால் குழலையும் செவிப்பறையையும் பார்த்து, தகட்டுச் சோதனை செய்து, தேவைப்பட்டால் மயக்கமருந்து கொடுத்துக் காதைக் கழுவுவார். அதன்பின் பூஞ்சை, பாக்டீரியா, அழற்சி ஆகியவற்றுக்கான சொட்டுமருந்து. பிடிவாதமான நோயில் எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறியும் வளர்ப்புச் சோதனை. அன்றாடம் சொட்டுமருந்து விட இயலாத வீடுகளுக்காக, மருத்துவரே ஒருமுறை இட்டால் பல நாள் காதிலேயே நின்று வேலைசெய்யும் கூழ்மருந்துகளும் வந்துள்ளன. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. சொன்ன நாள்வரை மருந்தை விடாமல் கொடுப்பது. நாற்றம் போய்விட்டாலும் மறுபரிசோதனைக்குச் செல்வது. காது வெளியே தெளிவாகத் தெரியும்போதும் உள்ளே நுண்ணுயிர் எஞ்சியிருக்கலாம்.

மருத்துவர் கழுவச் சொல்லியிருந்தால் அதற்கென உள்ள காதுகழுவும் நீர்மத்தையே பயன்படுத்த வேண்டும். மடலை மெல்ல மேல்நோக்கிப் பிடித்து, குழல் நிறையுமளவு ஊற்றி, காதின் அடிப்பகுதியை அரைநிமிடம் பிசைய வேண்டும்; களக்களக்கென்று ஓசை கேட்கும். பின் கையை விட்டுவிட்டால் அதுவே தலையை உதறி அழுக்கை மேலே கொணரும். (இதைக் குளியலறையில் செய்வது அம்மாவுக்கு உதவியாக இருக்கும்.) மேலே வந்ததைப் பஞ்சினால் ஒற்றி எடுத்தால் போதும். வலியால் கத்தினால் நிறுத்திவிட வேண்டும். மாணவர்கள் வாரத்திற்கு ஒருமுறை, விடுமுறை நாளில், இரு காதுகளையும் பார்த்தும் முகர்ந்தும் ஒப்பிடலாம். நலமான காது இளஞ்சிவப்பாக, நாற்றமின்றி இருக்கும். ஒன்று மட்டும் சிவந்தோ, சூடாகவோ, நாறியோ இருந்தால் அன்றே அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்ட காதில் குழலின் சுவர் தடித்து, சுண்ணாம்பேறி எலும்பு போலாகி, துளையே அடைபட்டுப் போகும். அப்போது குழல் முழுவதையும் அறுத்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அது பெரிய அறுவை, பெரிய செலவு. வேலை மாறும் காலத்திலும், ஜூலையில் ஊருக்குப் புறப்படும் காலத்திலும் நாற்றமடிக்கும் காதுள்ள நாயும் பூனையும் தெருவில் விடப்படுவதை இந்நாடுகளில் காண்கிறோம். முதல் மாதத்தில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் நோய் அது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2007-ஆம் ஆண்டு 16-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் பிராணிகளின் நலனைக் காக்கும் கடமையை வளர்ப்போர்மேல் சுமத்துகிறது என்பதையும் அறிதல் வேண்டும். விடுமுறைக்குச் செல்லுமுன் பிராணிகள் காப்பகத்தில் விடுவோர், விடுமுன் ஒருமுறையும் திரும்பி அழைத்து வந்தபின் ஒருமுறையும் காதைப் பார்க்க வேண்டும். பல பூனைகள் கூடும் இடத்தில் சிற்றுண்ணி எளிதில் பரவும். சொட்டுமருந்து பாதியில் இருந்தால் அதைக் காப்பகத்தாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவ வசதிக்கு இங்கே குறைவில்லை. 1999-இல் வல்லூறுகளுக்காகத் திறக்கப்பட்ட அபுதாபி பருந்து மருத்துவமனையே பின்னாளில் நாய், பூனைகளுக்கும் மருத்துவம் செய்யத் தொடங்கியது.

நோயல்லாத இரண்டு

கூப்பிட்டால் திரும்பாத பிராணிக்கெல்லாம் செவிநோய் என்று எண்ணிவிடலாகாது. முழு வெள்ளை நிறமும் இரு நீலக் கண்களும் உடைய பூனைகளில் பெரும்பாலானவை பிறவியிலேயே செவிடு. சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியான தம் நூலில் இத்தொடர்பைக் குறிப்பிட்டிருக்கிறார். நிறமணுக்கள் உட்செவியின் இயக்கத்திற்கும் தேவை. அவை அங்கே சென்று சேராதபோது கேட்கும் நுண்மயிர் உயிரணுக்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடுகின்றன. நம் இராஜபாளையம் நாயிலும் இதே கதைதான். 2005-இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த அந்த வெண்ணிற வேட்டைநாயின் குட்டிகளுள் சில பிறவிச் செவிடாகப் பிறப்பதை வளர்ப்போர் நன்கறிவர். இதற்குச் சொட்டுமருந்து எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கைச்சாடையாலும் தரையைத் தட்டும் அதிர்வாலும் பழக்கினால் அவை மகிழ்ச்சியாகவே வாழும். சாலைக்கு அருகே கயிறின்றி விடாதிருந்தால் போதும்.

இன்னொன்று, குழந்தைகள் அடிக்கடி கேட்பது. தெருப்பூனை ஒன்றின் காதுநுனி நேராக வெட்டப்பட்டாற்போல் இருக்கிறதே, யார் செய்த கொடுமை என்று வருந்துவார்கள். அது கொடுமையன்று. பிடித்துச் சென்று, மயக்கநிலையில் கருத்தடை அறுவை செய்து, அதே இடத்தில் திரும்ப விடப்பட்ட பூனை என்பதற்கான அடையாளம் அது. மீண்டும் ஒருமுறை பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதற்காகவே நுனியைச் சிறிது நறுக்குகின்றனர். ஊருக்குச் செல்லும்போது தெருநாய்களின் காதையும் பாருங்கள். சென்னையில் புளூகிராஸ் அமைப்பு 1964-ஆம் ஆண்டிலேயே தெருநாய்களுக்குக் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களில் அறுவை முடிந்த நாயின் ஒரு காதில் சிறு வெட்டு இட்டு விடுவது வழக்கம். புண்ணோ சீழோ இல்லாமல் ஓரம் ஆறிப்போய் இருந்தால் அந்தக் காதுக்கு மருந்து வேண்டா.